கேலிக் ஊர்ப்பெயர்களைப் பதிவு செய்பவர்கள் செய்யும் தவறுகள்

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேசப்படும் உறவு மொழிகளான ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக் ஆகியவற்றில் பிறந்த கேலிக் ஊர்ப்பெயருக்குப் பொருள் தேடுபவர்கள் முதலில் ஆங்கில வரைபடத்தையும் அகராதியையும்தான் திறக்கிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அயர்லாந்து வரைபடங்களில் இருப்பது, ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதிய வடிவம்.

கில்மோர் என்ற பெயரில் அங்கே பல ஊர்கள் உண்டு. 'மோர்' என்றால் பெரியது. சிக்கல் 'கில்'லில்தான். தேவாலயத்துக்கும் காட்டுக்கும் ஐரிஷில் தனித்தனிச் சொற்கள். ஆங்கில எழுத்தில் இரண்டுமே 'கில்' ஆகிவிடுகின்றன. அதனால் ஒரு கில்மோர் பெரிய தேவாலயம், இன்னொன்று பெரிய காடு. 'பாலி'யும் அப்படித்தான். பெரும்பாலும் அது ஊர் என்று பொருள்படும்; பாலிஷானனிலோ அது ஆற்றைக் கடக்கும் துறையின் முகப்பு. அகராதியை எத்தனை முறை புரட்டினாலும் இது தெரியவராது.

1830இல் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிலஅளவை, வரைபடத் துறையில் சேர்ந்த ஜான் ஓ'டோனவன் ஊர் ஊராகப் போய், ஐரிஷ் பேசும் பெரியவர்கள் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டார். அப்புறம் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டார். இன்றைக்கும் அதுவே சரியான வரிசை: முதலில் ஒலி, பிறகு பழைய எழுத்து வடிவங்கள், கடைசியில்தான் பொருள்.

ஒலியைக் குறிக்கும்போது எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ்ஸில் அழுத்தம் கடைசியில், அதாவது நெஸ் ஆற்றின் பெயரில் விழும். 'இன்வர்' என்பது ஆற்றின் முகத்துவாரம். ஸ்டோர்னவேயிலோ அழுத்தம் முதல் அசையில். அந்தப் பெயர் வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழியில் பிறந்தது. அதற்குக் கேலிக் வேர் தேடினால் கதைதான் கிடைக்கும். ஊர்க்காரர்கள் சொல்லும் கதையையும் எழுதுங்கள், கதை என்று குறிப்பிட்டு.

எழுத்துக்கூட்டலில், பழைய ஆவண வடிவத்தை இன்றைய விதிப்படி 'திருத்துவது' பெரும் தவறு. உள்ளது உள்ளபடி, ஆண்டோடு எழுதுங்கள். தரப்படுத்திய வடிவம் தனியாக இருக்கட்டும். உயிரெழுத்தின் மேல் வரும் கோடு ஐரிஷில் வலப்பக்கம் உயரும், இன்றைய ஸ்காட்டிஷ் கேலிக்கில் இடப்பக்கம். இரண்டையும் கலக்கக் கூடாது.

பெயரைச் சுருக்குவதும் வேண்டாம். அயர்லாந்தின் டிங்கிள் நகரத்தின் முழு ஐரிஷ் பெயர் டேங்கன் ஈ கூஷ். 2004இல் வந்த அரசாணை அதை வெறும் 'அன் டேங்கன்' ஆக்கியது. ஆஃபலி மாவட்டத்தில் ஏற்கெனவே ஒரு டேங்கன் இருக்கிறது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், 2006இல் வாக்கெடுப்பும் நடந்தது; 2011இல் சட்டம் போட்டுத்தான் முழுப்பெயர் திரும்பியது.

அயர்லாந்தில் டவுன்லேண்டு எனப்படும் சிறு நிலப்பிரிவுகளே 60,000க்கு மேல், ஒரே பெயர் பலமுறை வரும். அதனால் எந்தப் பாரிஷ் (தேவாலயப் பங்கு), எந்த மாவட்டம் என்று பெயரோடு சேர்த்தே எழுதுங்கள். இறுதி வடிவத்தை முடிவு செய்யும் முன், அயர்லாந்துப் பெயர் என்றால் லோகனிம் (logainm.ie) என்ற ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தையும், ஸ்காட்லாந்துப் பெயர் என்றால் அங்குள்ள கேலிக் ஊர்ப்பெயர் அமைப்பின் தரவுத்தளத்தையும் பார்த்துவிடுங்கள். பொருள் உறுதியாகவில்லை என்றால் பதிவில் பொருளுக்கான கட்டம் காலியாகவே இருக்கட்டும்.