தூசு எங்கிருந்து வருகிறது? வீட்டில் பிடித்துப் பார்க்கும் முறை

மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடியில் மெயின் ரோட்டோரம் எனக்குத் தையல் கடை. பாடசாலைச் சீருடைதான் பிழைப்பு. வெள்ளைப் பொப்ளினை வெட்டி மேசையில் வைத்துவிட்டுச் சோறு தின்று வருவதற்குள் மடிப்போரம் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். கன காலமாக ஒரு நெல் மில்லைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவு விஞ்ஞான சேர், “திட்டுறதுக்கு முதல் பிடிச்சுப் பாருங்க தங்கச்சி” என்றார். பிடித்துப் பார்த்தேன்.

உள்ளங்கை அளவு வெள்ளை அட்டை நாலு எடுங்கள். துணி வேண்டாம், நான் முதலில் துணியில்தான் வாசலின் பூசினேன், ஊறி மஞ்சளாகிவிட்டது. அட்டை மேல் செலோடேப்பை நெருக்கமாக ஒட்டி, அதன் மேல் வாசலினை விரலால் மெல்லிசாக இழுங்கள். தடிப்பாகப் பூசினால் தூசு உள்ளே அமிழ்ந்துவிடும். ஒன்று வீதிப் பக்கம், ஒன்று பின்வளவில், ஒன்று குசினியில். நாலாவதை பிஸ்கட் டின்னுக்குள் மூடி வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. தாழ்வாரத் தண்ணீர் சொட்டும் இடம் கூடாது. ஆட்டுக்கு எட்டாத உயரம் வேண்டும். என் முதல் அட்டையை ஆடு தின்றது. பின்பக்கத்தில் திகதியும் எந்தக் காற்று என்பதும் எழுதுங்கள். மூன்று நாள் போதும்.

மச்சாள் வந்து, “என்ன கா இது, அட்டைக்கு எண்ணெய் தேய்க்கிறாய்?” என்று சிரித்தாள். மறுகா அவளும் இரண்டு கேட்டு வாங்கிப்போனாள்.

மூன்றாம் நாள் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வீதி அட்டையில் மண்ணிறப் பொடியோடு மை போன்ற கறுப்பு: டீசல் புகைக்கரியும் ரயர் தேய்மானமும். பின்வளவு அட்டையில் சாம்பல் நிறத் துணுக்குகள். சிலதில் நெல்லுத் தோலின் வரிவரியான மேடு பள்ளம் அப்படியே தெரிந்தது. அது உமிச்சாம்பல். உமி எரிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் சிலிக்கா, அதனால்தான் விரலுக்கிடையில் மணலைப் போல நறநறக்கும். ஆக, மில்லை நான் வீணாகத் திட்டவில்லை.

சந்தேகமான தூசை யன்னல் கட்டையிலிருந்து காய்ந்த தூரிகையால் கூட்டி எடுத்துச் சோதிக்கலாம், வாசலினில் ஒட்டியது இதற்கு உதவாது. குண்டூசி பொறுக்கும் காந்தத்தை மெல்லிய பொலித்தீனில் சுற்றித் தூசின் மேல் ஓட்டினால் இரும்புத் துகள் மேலே வரும். துருவும் பிரேக் தேய்மானமும் சில மண்ணும் அப்படி வரும். வினாகிரி ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு அல்லது சீமெந்து. ஆனால் கடற்கரை ஊரில் சிப்பித் தூளும் நுரைக்கும், அவசரப்பட்டுக் கொத்தனாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தண்ணீரில் கரைத்து, தெளிந்ததைக் கரண்டியில் காய்ச்சி, வெள்ளைப் படிவு வந்தால் பெரும்பாலும் கடல் உப்பு.

காற்றின் பெயரை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வாடை வீசும் மாதங்களில் கடல் பக்கத்திலிருந்து உப்பு வரும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கத் தொடங்கினால் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வரண்ட மண் வரும். சிறுபோக அறுவடை முடிந்து வைக்கோலுக்கு நெருப்பு வைத்தால் அந்தப் புகையும் சேர்ந்து வரும். ஒரே சுவர்தான், ஆனால் மாதத்துக்கொரு தூசு.

இனி முக்கியமானது. அட்டை பிடிப்பது பெரிய துகளை. நெஞ்சுக்குள் ஆழமாக இறங்கும் பி.எம். 2.5 என்ற நுண்துகளை அது காட்டாது. 2.5 மைக்ரோமீற்றர் என்பது தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்று அசையாத அறையிலும் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்க இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். புகைக்கரி, கரிமச் சேர்வைகள் என்று நேராகப் புகையில் வருவது பாதி. சல்பேற்று, நைத்திரேற்று என்று வாயுக்கள் வானத்திலேயே சேர்ந்து துகளாவது மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் இடத்துக்கு இடம் மாறும். 2022 டிசம்பர் 8ஆம் திகதி வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் நின்றபோது இந்தியப் பக்கத்து மாசு இலங்கை மேல் வந்து மூடியது, மறுநாள் பாடசாலைகளையே மூடினார்கள். அன்றைக்கு வெளியே மங்கலாகக் கிடந்தது, என் அட்டையிலோ புதிதாக ஒன்றுமில்லை.

அந்த நுண்துகளை அளக்கக் கைமீற்றர்தான் வேண்டும். மருமகன் ஒன்று கொண்டுவந்தான். அது லேசர் ஒளி சிதறுவதைப் பார்த்துக் கணக்கிடும் சாதனம். ஈரப்பதன் கூடிய விடியற்காலையில் துகள்கள் தண்ணீர் குடித்து ஊதிவிடுவதால் கூட்டிக் காட்டும். பகல் வெயிலில் எடுத்த கணக்கை நம்புங்கள். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. 2008இல் வந்த இலங்கை நியமம் 50 வரை விடுகிறது.

மீற்றர் ஏறியது வீதியிலா, மில் பக்கமா என்று பார்த்தால், இரண்டிலும் இல்லை. மகள் படுக்கும் அறையில், யன்னலைச் சாத்திக் கொளுத்திய நுளம்புச்சுருளுக்குப் பக்கத்தில். மலேசியா, சீனச் சுருள்களை வைத்து 2003இல் வந்த ஆய்வொன்று, ஒரு சுருளின் நுண்துகள் 75 முதல் 137 சிகரட்டுக்குச் சமம் என்று கண்டது. அவளுடைய மூச்சிழுப்புக்கும் மில்தான் காரணம் என்று நான் திட்டிய வருடங்கள் எத்தனை! இப்போது நுளம்பு வலை. விறகடுப்பைப் பின் தாழ்வாரத்துக்கு நகர்த்தினேன். கடையைத் தும்புத்தடியால் கூட்டுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறேன்.

மில்லை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். திகதி எழுதிய உமிச்சாம்பல் அட்டைகள் பதினொன்று பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. கச்சான் தொடங்கியதும் மேற்குச் சுவரில் புது அட்டை மாட்டி, எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு முதலாளியிடம் போகப்போகிறேன்.