லேப்டாப்பில் காபி கொட்டிவிட்டதா? முதல் நிமிடத்திலிருந்து மூன்றாம் நாள் வரை

லேப்டாப் மேல் காபி கொட்டியதும் பெரும்பாலோர் துணியைத் தேடித்தான் ஓடுவார்கள். துணி அப்புறம். முதலில் மின்சாரத்தைக் கவனியுங்கள்.

சர்க்யூட் போர்டு ஈரத்தை ஓரளவு தாங்கும். சர்வீஸ் கடைகளில் போர்டைத் திரவத்தில் முக்கியே கழுவுகிறார்கள். ஈரம் இருக்கும்போது மின்சாரமும் ஓடினால்தான் வினை. திரவத்தில் கரைந்திருக்கும் உப்புகள் வழியாக மின்சாரம் போகக்கூடாத பாதையில் போகும். பக்கத்துப் பக்கத்து முனைகளில் ஒன்றிலிருந்து உலோகம் கரைந்து இன்னொன்றில் படியும். செப்புக் குடத்தில் நாள்பட்டுப் பிடிக்கிற களிம்பு, மின்சாரம் ஓடும் போர்டில் சில மணி நேரத்திலேயே பிடித்துவிடும்.

என்ன கொட்டியது என்பதும் முக்கியம். கேன் தண்ணீர் என்றால் பாதிப்பு குறைவு, போர் தண்ணீர் என்றால் உப்பு அதிகம். காபி, டீயில் பாலும் சர்க்கரையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இளநீரில் பொட்டாசியம், மோரில் உப்போடு புளிப்பு, பாட்டில் குளிர்பானத்தில் அமிலமும் சர்க்கரையும். தண்ணீர் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காயவைப்பது மட்டும் போதாது, கழுவியே ஆக வேண்டும்.

1. மின்சாரத்தை நிறுத்துங்கள்

சார்ஜர் செருகியிருந்தால் முதலில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். பிறகு லேப்டாப்பிலிருந்து ஒயரை உருவுங்கள். அடாப்டரோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ நனைந்திருந்தால் சுவிட்சை அணைக்கும்வரை அவற்றில் கை வைக்கவே கூடாது.

அடுத்து பவர் பட்டனைத் திரை அணையும்வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பத்து விநாடி வரை ஆகலாம். முறைப்படி ஷட் டவுன் கொடுத்துவிட்டு, 'அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று அது சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து நிற்க இது நேரமில்லை. சேமிக்காத ஃபைல் போனால் போகட்டும். மூடியை மட்டும் மூடினால் லேப்டாப் தூங்கத்தான் போகும், மின்சாரம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

மவுஸ், பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பழைய மாடலில் அடிப்பக்கம் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி வெளியே வந்துவிடும். புதியவற்றில் அது உள்ளே இருக்கும், அதற்கு நான்காவது படியில் வருவோம்.

2. கவிழ்த்து வையுங்கள்

மேலே நிற்கும் திரவத்தை டிஷ்யூவாலோ பருத்தித் துணியாலோ ஒத்தி எடுங்கள். அழுத்தித் துடைத்தால் கீபோர்டு இடுக்குகளில் உள்ளே தள்ளிவிடுவீர்கள். பிறகு மேஜை ஓரத்தில் துண்டை விரித்து, கீபோர்டு பகுதி துண்டின்மேல் குப்புறப் படியும்படியும் திரை மேஜைக்கு வெளியே கீழ்நோக்கித் தொங்கும்படியும் வையுங்கள். வந்த வழியாகவே திரவம் இறங்கட்டும். குலுக்க வேண்டாம். பக்கவாட்டில் சாய்க்கவும் வேண்டாம், அதுவரை நனையாத மூலைக்கும் ஈரம் போய்விடும்.

3. அரிசியையும் ஹேர் டிரையரையும் மறந்துவிடுங்கள்

அரிசிப் பானைக்குள் புதைக்கச் சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். போர்டில் படிந்த பாலையும் சர்க்கரையையும் அரிசி எப்படி எடுக்கும்? போதாததற்கு அதன் மாவும் நொய்யும் சார்ஜர், யூஎஸ்பி செருகும் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். நனைந்த ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிப் பக்கத்தில் எழுதியது.

ஹேர் டிரையரின் சூடு கீபோர்டின் பிளாஸ்டிக்கை நெளிக்கும், உள்ளே இருக்கும் பசையை இளக்கும், காற்று ஈரத்தை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். மொட்டை மாடி வெயில் பேட்டரிக்கும் ஆகாது, திரைக்கும் ஆகாது.

4. திறந்து பேட்டரியைப் பிரியுங்கள்

திறப்பதற்கு முன் ஒரு விஷயம். விபத்துச் சேதத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் திட்டம் வாங்கியிருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு அவர்களுக்கு போன் செய்யுங்கள். சாதாரண வாரன்டி பொதுவாகத் திரவச் சேதத்துக்குச் செல்லாது. சில லேப்டாப்களுக்குள் நனைந்தால் சிவப்பாக மாறும் சிறு ஸ்டிக்கர் இருப்பதால், கொட்டவே இல்லை என்று சாதிக்கவும் முடியாது.

லேப்டாப்பை அணைத்துவிட்டோமே, திறக்க என்ன அவசரம் என்று தோன்றலாம். பவர் பட்டனை அழுத்தியதும் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காகப் போர்டின் ஒரு பகுதிக்கு பேட்டரி எப்போதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பேட்டரியைப் போர்டோடு இணைக்கும் கனெக்டரைப் பிரிக்கும்வரை களிம்பு வேலை நிற்காது.

உங்கள் மாடல் எண்ணோடு 'பேட்டரி மாற்றுவது' என்று தேடி ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டு உட்காருங்கள். பெரும்பாலான மாடல்களுக்குச் கூட்டல் குறி போன்ற முனையுள்ள சிறிய 'ஸ்டார்' ஸ்க்ரூடிரைவர் போதும். மேக்புக்குக்கு ஐந்து இதழ் முனை வேண்டும். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, எடுக்கும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டிவையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் போர்டையே துளைத்துவிடும். சில மாடல்களில் ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். எல்லாம் எடுத்த பிறகும் மூடி அசையாவிட்டால் பலத்தைக் காட்டாமல் அங்கே தேடுங்கள். விளிம்பை நெம்பப் பழைய ஏடிஎம் கார்டு நல்லது. கத்தி வேண்டாம், விளிம்புக்குப் பக்கத்திலேயே பேட்டரி இருக்கும்.

மூடி வந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரை விரல் நகத்தாலோ பிளாஸ்டிக் முனையாலோ மெல்லத் தள்ளிப் பிரிப்பது. பேட்டரி உப்பியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை அடித்தாலோ அதைத் தொடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

5. கழுவுங்கள்

இங்கே அவசரப்படவே கூடாது. கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். முழுப்பெயர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 99 சதவீதம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 70 சதவீத பாட்டிலில் மீதி 30 தண்ணீர்தான். கொரோனா காலத்தில் வாங்கிவைத்த சானிடைசர் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் கிளிசரின் போர்டில் பிசுபிசுவென்று தங்கிவிடும். ஐபிஏ எளிதில் தீப்பிடிக்கும். சமையலறை, ஊதுவத்தி, விளக்கு எதற்கும் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

பலருக்குத் தெரியாத சங்கதி, சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. காபியோ குளிர்பானமோ கொட்டியிருந்தால் முதலில் டிஸ்டில்டு வாட்டரில் கழுவ வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் அதே தண்ணீர்தான். பேட்டரியைப் பிரித்தாயிற்று என்பதால் பயப்பட வேண்டியதில்லை. மெல்லிய பல் துலக்கும் பிரஷை நனைத்து, கறை படிந்த இடத்தை மட்டும் தேய்த்து, டிஷ்யூவால் ஒத்தி எடுங்கள். பிறகு அதே இடத்தில் ஐபிஏ. மிச்சமிருக்கும் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொண்டு சீக்கிரம் ஆவியாகிவிடும்.

எங்கே பார்ப்பது? கீபோர்டுக்கு நேர் கீழே உள்ள பகுதி, சிப்களின் ஓரம், உலோக மூடிகளின் விளிம்பு. வெள்ளைப் பொடியோ பச்சைக் கறையோ பழுப்புப் படலமோ தெரிந்தால் அங்கே திரவம் போயிருக்கிறது. திரைக்குப் போகும் கேபிளின் கனெக்டரை டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் ஊசிகள் அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் நெருங்கி நிற்கும். அவற்றில் ஒன்றில் திரையின் பின்விளக்குக்கான கூடுதல் வோல்டேஜ் வரும். அந்த இடுக்கில் ஒரு துளி பால் தங்கினாலும் பின்னால் திரை இருண்டுபோக வாய்ப்புண்டு. ரிப்பன் கேபிளைக் கழற்றும்போது கனெக்டரில் சிறு கதவு இருக்கிறதா என்று பார்த்து, அதை நகத்தால் தூக்கிவிட்டு இழுங்கள்.

திரை, ஸ்பீக்கர், சுழலும் ஹார்டு டிஸ்க் இவற்றில் எந்தத் திரவமும் வேண்டாம்.

கீபோர்டைப் பற்றி அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள். அதற்குள் பிளாஸ்டிக் தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும், நடுவே போன சர்க்கரையை வெளியே எடுப்பது கடினம். பல மாடல்களில் கீபோர்டைத் தனியாக வாங்கி மாற்றலாம். அதுவரை யூஎஸ்பி கீபோர்டு ஒன்று போதும்.

6. காயவிடுங்கள்

திறந்து கழுவியிருந்தால் மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள். திறக்காமல் விட்டிருந்தால் இரண்டு மூன்று நாள். ஐப்பசி மழை நேரத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் ஏசி அறை இருந்தால் அங்கே வையுங்கள். நடுவில் ஒருமுறை போட்டுப் பார்ப்போமே என்று கை துறுதுறுக்கும். கொட்டியபோது தப்பித்த லேப்டாப்பைப் பல வீடுகளில் சாகடிப்பது அந்த ஒரு அழுத்தல்தான்.

7. ஆன் செய்யுங்கள்

கேபிள்களை மாட்டி, கடைசியாக பேட்டரி கனெக்டர். சார்ஜர் இப்போது வேண்டாம். பட்டனை அழுத்தியபின் அடிப்பாகத்தில் கை வைத்திருங்கள். ஒரே இடத்தில் குபீரென்று சூடேறினாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே அணைத்து பேட்டரியைப் பிரித்துவிடுங்கள். நல்லபடியாக ஆன் ஆனால், மெயில் பார்ப்பதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கண்ணில் படாமல் மிஞ்சிய கறை சில வாரம் கழித்தும் வேலையைக் காட்டும். நகலெடுத்த பிறகு சார்ஜிங், வைஃபை, ஸ்பீக்கர், ஒவ்வொரு கீயாக எல்லாவற்றையும் சோதியுங்கள்.

ஆன் ஆகவில்லை என்றால்

டேட்டா போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல லேப்டாப்களில் ஃபைல்கள் சேமித்திருக்கும் எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை அளவில் தனியாகக் கழன்று வரும். அதை யூஎஸ்பி என்குளோஷர் என்கிற சிறு பெட்டியில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதைய மேக்புக்குகளில் சேமிப்புச் சிப் போர்டோடு சேர்ந்தே இருப்பதால் இந்த வழி கிடையாது.

கடைக்குப் போவதென்றால் 'சிப் லெவல் சர்வீஸ்', அதாவது போர்டை அப்படியே மாற்றாமல் அதில் கெட்டுப்போன சிப்பை மட்டும் சரிசெய்யும் இடமாகப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. போர்டைத் திரவத்தில் முக்கி ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசானிக் கிளீனிங் உண்டா என்று கேளுங்கள். சிப்களுக்கு அடியில் பிரஷ் போகாது, அது போகும். போர்டையே மாற்ற வேண்டும் என்று திறக்காமலே சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். என்ன கொட்டியது, எப்போது கொட்டியது, அதற்குப் பிறகு ஆன் செய்தீர்களா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எஸ்எஸ்டி தனியாகக் கழன்று வருகிற மாடல் என்றால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு லேப்டாப்பை மட்டும் கொண்டுபோங்கள். போர்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு அது தேவையில்லை.