கம்பம்மெட்டு ரோட்டில் ஏறி இறங்க

கம்பத்திலிருந்து கேரளாவுக்குள் போக இரண்டு வழி. கூடலூர், லோயர்கேம்ப் வழியாகக் குமுளிக்குப் போவது எல்லாருக்கும் தெரிந்த தேசிய நெடுஞ்சாலை. இன்னொன்று, ஊருக்கு மேற்கே மலையேறி எல்லைச் சோதனைச் சாவடியில் போய் நிற்கும் கம்பம்மெட்டு ரோடு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை அதில் 16 வருஷம் ஓட்டியிருக்கிறேன். கார் எடுத்துக்கொண்டு முதல் தடவை வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விடியற்காலையில் ஏறாதீர்கள். தூக்குவாளியோடு பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்ட ஜீப்புகள் வரிசையாக ஏறுகிற நேரம் அது. சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். எங்கள் ஆட்கள் அடிக்கிற வேகம் உங்களுக்கு ஆகாது. காலை எட்டு மணிக்கு மேல் ரோடு உங்களுடையது.

ஏறுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி வளைவில் கியர் தேடினால் வண்டி திணறி நின்றுவிடும். ஹாரன் அடித்துவிட்டுத் திரும்புங்கள். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமும் அதுதான். ஆனால் எதிரே லோடு லாரி இறங்கினால் சட்டம் பேசாமல் ஒதுங்கிவிடுங்கள். மேலே மூடுபனி இறங்கியிருந்தால் ஹைபீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் உருளும். மலைச்சரிவை ஒட்டி வண்டியை நிறுத்த வேண்டாம்.

சாவடியில் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மஞ்சள் போர்டு வண்டி என்றால் கேரள பர்மிட்டைக் கீழேயே ஆன்லைனில் கட்டிவிட்டு ஏறுங்கள். தாண்டினால் ஒரு பாதை புற்றடி, கட்டப்பனை பக்கம்; இன்னொன்று தூக்குப்பாலம், நெடுங்கண்டம் பக்கம். ராமக்கல்மேடு பார்க்க வந்தவர்கள் தூக்குப்பாலம் வழி போகலாம். திரும்பும்போது ஏலக்காய் கிலோ கணக்கில் வாங்கினால் பில்லை மறக்காதீர்கள்.

சபரிமலை சீசனில் கூட்டம் கூடிவிட்டால் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். ஐயப்பன் வண்டிகள் கம்பம்மெட்டு வழியாகப் போய், குமுளி வழியாகத் திரும்ப வேண்டும். அந்த நாட்களில் கம்பத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம், இறக்கம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற புத்தி எனக்கும் இருந்தது. ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது வருஷம், காலி ஜீப்பை அப்படி விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி மலையில் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. செகண்டில் போட்டு, உள்பக்க மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். பதற்றத்தில் வீலில் தண்ணீர் ஊற்றப் போனேன். பின்னால் வந்த பெரியவர் கையைத் தட்டிவிட்டார்: "சூட்டுல ஊத்துனா டிரம் வெடிச்சுப் போகும்டா. பேசாம உக்காரு."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கீழே நெல்வயலும் தென்னந்தோப்புமாகப் பள்ளத்தாக்கு தெரிந்தது. இப்போதும் பாதி இறக்கத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்துவேன். புறங்கையை வீல் பக்கம் கொண்டுபோவேன், தொடமாட்டேன். அனல் அடித்தால் இன்னும் பத்து நிமிஷம்.