சிவப்பு பட்டன் மெயின் சுவிட்ச் ஆகாது

அமெரிக்காவில் பெரிய கட்டடங்களில் வாசலருகே ஒரு சிவப்பு பட்டன் வைத்து, அழுத்தினால் உள்ளே எங்கோ இருக்கும் மெயின் பிரேக்கர் ட்ரிப் ஆகும்படி ஷண்ட் ட்ரிப் (வோல்டேஜ் வந்ததும் பிரேக்கரைத் திறக்கும் சுருள்) கொடுப்பதுண்டு. யோசனை நல்லதுதான். வரைபடத்தில் அந்தப் பட்டனையே ‘சர்வீஸ் டிஸ்கனெக்ட்’ (கட்டடத்துக்கு வரும் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் சாதனம்) என்று குறித்துவிட்டு, பிரேக்கரை வசதியான மூலைக்குத் தள்ளும்போதுதான் வம்பு.

அந்நாட்டு மின் விதித்தொகுப்பான என்இசி-க்குப் பட்டன் வெறும் ஏவலாள். டிஸ்கனெக்ட் என்பது கம்பியை உண்மையில் துண்டிக்கும் பிரேக்கரோ சுவிட்சோதான். அது கட்டடத்துக்கு வெளியே இருக்கலாம். உள்ளே என்றால், மின் நிறுவனத்திலிருந்து வரும் சர்வீஸ் கம்பி நுழையும் இடத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 2023 பதிப்பின் 230.70 பிரிவு, ரிமோட் வைத்தாலும் இதில் சலுகை இல்லை என்று தனியாகவே சொல்கிறது. காரணம், டிஸ்கனெக்ட் வரை வரும் கம்பிக்குக் கட்டடத்தில் ஃபியூஸோ பிரேக்கரோ கிடையாது. அங்கே ஷார்ட் ஆனால் தீப்பொறி நீண்ட நேரம் நிற்கும். வாசலில் பட்டன் வைப்பதால் அந்தக் கம்பியின் நீளம் குறைந்துவிடுமா என்ன? சுவிட்சின் கைப்பிடியும் ஏணி போடாமல் எட்ட வேண்டும். மேல் நிலையில் தரையிலிருந்து 2 மீட்டரைத் தாண்டக் கூடாது.

அடுத்தது, டிஸ்கனெக்டாக ஒரு கான்டாக்டரை (சுருளில் கரன்ட் இருக்கும்வரை மட்டும் மூடியிருக்கும் சுவிட்ச்) வைக்கும் ஆசை. “கரன்ட் போனால் தானே திறந்துகொள்ளுமே” என்பார்கள். சரி, கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால்? மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை 230.76 அனுமதிக்கிறது, ஆனால் சப்ளை இல்லாதபோதும் கையால் திறக்க முடிய வேண்டும். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும் பார்த்ததும் தெரிய வேண்டும். சாதாரண கான்டாக்டர் இங்கேயே தோற்றுவிடும்.

ஷண்ட் ட்ரிப் போன்றவற்றை இயக்கும் கன்ட்ரோல் சப்ளையை பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மெயினுக்கு முன்னாலிருந்து எடுக்க 230.82 இடம் தருகிறது. அதற்கென்று தனி ஓவர்கரன்ட் பாதுகாப்பும் (ஃபியூஸ், பிரேக்கர் போன்றது) டிஸ்கனெக்டும் வேண்டும். இன்னொன்று, ஷண்ட் ட்ரிப்புக்கு வோல்டேஜ் கிடைத்தால்தான் வேலை செய்யும். கன்ட்ரோல் கம்பி அறுந்திருந்தால் அவசரத்தில் பட்டனை அழுத்தும் வரை யாருக்கும் தெரியாது. வோல்டேஜ் இருக்கும்வரை மட்டும் பிரேக்கரை மூடியிருக்க விடும் அண்டர்வோல்டேஜ் ரிலீஸ் இதற்கு நேர் எதிர்: கம்பி அறுந்தாலே பிரேக்கர் விழும். வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் விழுந்து தொல்லையும் கொடுக்கும், அது வேறு கதை.

அப்புறம், பட்டனை அழுத்திவிட்டோம் என்று பேனலில் கை வைப்பது. மோட்டார் வைத்த பிரேக்கரை வேறொருவர் தூரத்திலிருந்தே மூடிவிடலாம். பூட்டு பிரேக்கரில் விழ வேண்டும், பட்டனில் அல்ல. பூட்டிய பிறகும் பிரேக்கரின் உள்வரும் முனைகளில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.