ரப்பர் பாலை ஷீட்டாக உறைய வைக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனைப் பக்கத்துச் சிறு தோட்டங்களில் ரப்பர் ஷீட்டின் தரம் பெரும்பாலும் பாலை உறைய வைக்கும் தட்டில் ஆசிட் ஊற்றும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பாலிலுள்ள ரப்பர்த் துகள்களைப் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறையின் எதிர்மின்னூட்டம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்கி வைக்கிறது. அமிலம் சேர்ந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5க்குச் சற்றுக் கீழே இறங்கும்போது மின்னூட்டம் ஏறக்குறைய அற்றுப்போவதால், துகள்கள் சேர்ந்து உறைகின்றன. மரத்தில் பால் வடியக் கட்டிய சிரட்டையில் நெடுநேரம் கிடக்கும் பால் தானாகவே திரிவதற்கும் இதுவே காரணம்: பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கிவிடுகின்றன. ஆகவே, சிரட்டையையும் வாளியையும் நாள்தோறும் கழுவிவிட்டு, வெட்டிய பாலை வெயில் ஏறுமுன் சேகரிக்க வேண்டும்.

பாலில் 30 முதல் 40 விழுக்காடு உலர் ரப்பர் இருக்கும். மழை நாட்களில் இது குறைவதால், ஒரே அளவு தண்ணீரை எப்போதும் ஊற்றுவது சரியல்ல. வடிகட்டிய பாலில் உலர் ரப்பர் சுமார் 12.5 விழுக்காடாகும்வரை சுத்தமான தண்ணீர் சேர்த்தால், 4 லிட்டர் கலவையில் அரைக்கிலோ ஷீட் கிடைக்கும். அதற்குச் சுமார் 2 மில்லி பார்மிக் ஆசிட் போதும். அதையும் 400 மில்லி தண்ணீரில் கலந்தே ஊற்ற வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல, கையுறையும் கட்டாயம். மெதுவாகக் கிளறி, மேலே திரளும் நுரையை வழித்தெடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழ்கள் தங்கிவிடும்.

உறைந்தபின் ஓரத்தில் பிரியும் நீரைப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் ஆசிட் போதுமானது. பால்போல் கலங்கியிருந்தால் குறைவு. அளவு மிஞ்சினால் கட்டி கெட்டியாகி ரோலரில் சிரமம் தரும். விலை மலிவு என்று சல்பூரிக் ஆசிட்டுக்கு மாறுவதை நான் ஏற்கமாட்டேன். அது ரோலரை அரிப்பதோடு, சரியாகக் கழுவப்படாத ஷீட்டையும் நாளடைவில் கெடுக்கும்.

ரோலரில் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்த ஷீட்டை நன்கு அலசி, நிழலில் நீர் வடியவிட்டபின் புகைப்புரையில் (புகையில் உலர்த்தும் அறையில்) ஏற்றலாம். பிரிந்த நீரில் புரதமும் சர்க்கரையும் எஞ்சிய அமிலமும் இருப்பதால், வாய்க்காலில் விட்டால் அவை அழுகி நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீன்கள் மூச்சுத்திணறும். கிணற்றிலிருந்து தள்ளி வெட்டிய குழியில் அதைத் தேக்கி, சுண்ணாம்பிட்டு அமிலத்தன்மையைத் தணித்த பிறகே வெளியேற்ற வேண்டும்.