தோள் வலிக்காத ஹேண்டில்பார்

தக்கலையிலிருந்து பேச்சிப்பாறைக்கு தினமும் பைக் ஓட்டி மணிக்கட்டு மரத்துப் போனதால்தான் ஹேண்டில்பாரை மாற்றினேன். கடைக்குப் போகும் முன், சீட்டில் இயல்பாக உட்கார்ந்து கண்ணை மூடிக் கையை நீட்டுங்கள். முழங்கை லேசாக மடிந்திருக்கட்டும். கை நிற்கும் இடத்துக்கும் இப்போதைய கிரிப்புக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். எனக்கு 4 செ.மீ. உயரமும், கொஞ்சம் பின்வளைவும் தேவைப்பட்டது.

கிளாம்ப் (பாரை வண்டியோடு இறுக்கும் பிடி) பிடிக்கும் இடத்தில் பாரின் விட்டம் பாருங்கள்: பல வண்டிகளில் 22 மி.மீ., சிலவற்றில் 28.6.

அப்புறம் கேபிள். நான் முதலில் வாங்கிய பார் உயரம் அதிகம். முழுதாகத் திருப்பினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாக உறுமியது. வளைவில் அப்படி ஆனால் ஆபத்து. அதனால் பொருத்தியதும், நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) விறைக்கக் கூடாது, விரல் டேங்கில் இடிக்கக் கூடாது. அகலம் கூடினால் மார்த்தாண்டம் நெரிசலில் நுழைவது கஷ்டம்.