இரட்டை உச்சியைக் கண்டதும் விற்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதியவன் நான். லாரியை மேடையில் ஏற்றும் ஓட்டுநர் வாய் திறந்ததும் கேட்பது, "இன்றைக்கு விலை என்னங்க?" என்பதுதான். அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போய்த்தான், பின்னொரு மாதத்துக்கான செம்பனை எண்ணெயை இன்றே விலைபேசி வாங்கி விற்கும் முன்பேரச் சந்தையின் விலை வரைபடங்களைக் கற்றேன்.

மாலையில் என்னிடம் வரும் தோட்டத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் பத்து வடிவங்களைக் காட்டுகிறார்கள். முக்கோணம், கொடி, தலையும் தோள்களும் எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் இரட்டை உச்சி ஒன்றையாவது முழுதாகப் படியுங்கள்.

விலை ஏறி ஓர் உச்சியைத் தொடுகிறது, இறங்குகிறது, மீண்டும் ஏறி ஏறக்குறைய அதே உயரத்தில் திரும்பிவிடுகிறது. முதல் உச்சியில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், போட்ட பணம் வந்தால் போதுமென்று இரண்டாம் முறை அங்கே விற்கிறார்கள். புதிதாக வாங்குவோருக்கு அதைத் தாங்கும் பலமில்லை. இரண்டாம் உச்சியில் வர்த்தக அளவு குறைந்திருந்தால் நம்பிக்கை கூடும். அதற்கு முன்னால் நீண்ட ஏற்றம் இருந்திருக்க வேண்டும். படுத்துக் கிடக்கும் சந்தையில் இவ்வடிவத்துக்குப் பொருளில்லை.

ஐந்து நிமிட வரைபடத்தை விடுங்கள், நாள் வரைபடத்தைத் திறங்கள். இரண்டு உச்சிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் அடியில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதுவே கழுத்துக்கோடு. அந்த நாளின் முடிவு விலை அக்கோட்டுக்குக் கீழே அமையும்வரை அது இரட்டை உச்சியே அல்ல.

ஒருமுறை நான் அப்படிக் காத்திருக்கவில்லை. கோடு டன்னுக்கு 4,000 வெள்ளியில் (ரிங்கிட்) இருந்தது. ஒரு வியாழக்கிழமை நண்பகலில் விலை 3,985-க்கு இறங்கியதும், இன்னும் இறங்கியபின் குறைந்த விலையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று விற்றுவிட்டேன். மாலை 6 மணிக்குச் சந்தை 4,031-இல் முடிந்தது. ஒரு நாளின் விலை அசைவைக் காட்டும் கட்டத்தை மெழுகுவர்த்தி என்பார்கள்; அன்றைய மெழுகுவர்த்தியின் மெல்லிய திரி மட்டும் கோட்டுக்குக் கீழே நீண்டிருந்தது. மறுவாரம் விலை பழைய உச்சியையும் தாண்டியது.

கணக்கு இப்படி: உச்சி 4,200, கழுத்து 4,000 என்றால் உயரம் 200. கழுத்திலிருந்து அதே அளவு கீழே, அதாவது 3,800, எதிர்பார்க்கும் இலக்கு. 3,990-இல் விற்று, 4,060-இல் இழப்புத் தடுப்பு (விலை எதிராக ஏறினால் அங்கே திரும்ப வாங்கி வெளியேறும் ஆணை) வைத்தால் பணயம் டன்னுக்கு 70 வெள்ளி. கச்சா செம்பனை எண்ணெய் ஒப்பந்தம் ஒன்றுக்கு 25 டன். ஆக 1,750 வெள்ளி போகலாம். கையில் இருபதாயிரம் வைத்திருப்பவருக்கு ஒரே முயற்சியில் இது மிக அதிகம். அவர் இறங்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. மாத ஒப்பந்தம் 15-ஆம் தேதி முடிகிறது. ஒப்பந்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் காட்டும் தொடர் வரைபடம் அடுத்த ஒப்பந்தத்துக்கு மாறும்போது விலை தாவியதுபோல் தெரியும். அந்தத் தாவலைக் கழுத்துக்கோட்டின் முறிவென்று எண்ணாதீர்கள்.

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் மாதக் கையிருப்பு விவரம் பெரும்பாலும் 10-ஆம் தேதியையொட்டி வரும். அதற்கு முந்தைய நாள் புதிதாக எதையும் தொடங்கமாட்டேன். 2022 ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்டு, மே 23-இல் நீக்கியது. மார்ச்சில் 7,000 வெள்ளியைத் தாண்டியிருந்த விலை ஜூலையில் 4,000-க்குக் கீழே வந்துவிட்டது. அரசாணை எந்தக் கோட்டிலும் முன்கூட்டித் தெரியாது.

பணம் போடுவதற்கு முன், பழைய வரைபடங்களில் முப்பது இரட்டை உச்சிகளைத் தேடி நோட்டில் எழுதுங்கள்: கழுத்து எங்கே, முடிவு விலை எந்த நாளில் உடைத்தது, இலக்கைத் தொட்டதா, திரும்பி மேலே போனதா. திரும்பிப் போனவற்றைச் சிவப்பு மையில் எழுதி, அந்த நோட்டோடு என்னிடம் வாருங்கள்.